ஒறம்பரை லிஸ்ட்

கல்லூரியிலிருந்து தேவிப்பிரியா என்கிற ஆசிரியை கூப்பிட்டபோது, கோமளா செக்கிங் டேபிளில் நின்றபடி ஒரு பனியனின் கழுத்துப் பட்டியை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். புது நம்பர். புது நம்பரிலிருந்து வேலை கேட்கிறவர்கள்தான் கூப்பிடுவார்கள், வேறு யாருக்கு அவளிடம் என்ன காரியம்? போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

“சொல்லுங்க. ஓவர்லாக்குங்களா, பேட்லாக்குங்களா?”

“இல்லீங்க மேடம், கெஸ்ட் லெக்சருங்க.”

“அது எந்த மெஷினுங்க? நான் கேள்விப்பட்டதே இல்லீங்களே.”

இருபத்தைந்து வருடமாகப் பனியன் கம்பெனியில் கிடப்பவளுக்கு உலகத்தில் உள்ளதெல்லாம் தையல் மெஷினாகத் தெரிந்தால் அவளைக் குற்றம் சொல்ல முடியாது. தேவிப்பிரியா சிரிப்பை அடக்கிக்கொண்டு பொறுமையாக விளக்கினாள். கடைசி வருட மாணவர்களுக்கு ஒரு பாடம் இருக்கிறதாம், இணையத்தில் மக்களை ஒன்று சேர்ப்பது எப்படி என்று. புத்தகத்தில் இருப்பதை அவள் நடத்திவிடுவாளாம். ஆனால் ஆறாயிரம் பேரைச் செல்போனுக்குள் சேர்த்து வைத்திருக்கிற ஆள் இதே ஊரில் இருக்கும்போது, ஒருநாள் வந்து ஒரு மணி நேரம் பேசினால் பிள்ளைகளுக்கு நன்றாக இருக்குமே.

“எட்டாவது ஃபெயிலுங்க நானு. காலேஜுக்கு வந்து என்னத்தப் பேசறது? வேண்டாமுங்க, ஆகாதுங்க” என்றாள் கோமளா. சொல்லிவிட்டுப் போனை வைக்கப் போனவளை அடுத்த வார்த்தை பிடித்து நிறுத்தியது.

“எங்க ஸ்டூடண்ட் ஒருத்திதாங்க உங்க நம்பர் கொடுத்தா. எப்சிபான்னு பேரு. அவங்கம்மாவும் நீங்களும் சேர்ந்து ஆரம்பிச்ச குரூப்பாமே?”

கோமளாவின் தோளிலிருந்து போன் நழுவிப் பனியன் குவியலில் விழுந்தது. எடுத்துக் காதில் வைத்து, “எப்பங்க வரோணும்?” என்று கேட்டாள்.

எப்சிபாவின் அம்மா ஆஷா. அந்தப் பெயரைக் கோமளாவின் முன்னால் யாரும் சொல்லி ஐந்து வருடம் ஆகியிருந்தது. கம்பெனியில் பழைய ஆட்களுக்கு விஷயம் தெரியும், அதனால் சொல்ல மாட்டார்கள். புது ஆட்களுக்கு ஆஷாவையே தெரியாது.

கோமளா ஊத்துக்குளிப் பக்கத்துக்காரி. மாடு கன்றோடு வளர்ந்து, கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்து, புருஷன் ராசப்பன் அயர்ன் டேபிளுக்குப் போக, அவள் பிசிறு வெட்டப் போனாள். ஆஷா சாத்தான்குளத்துக்காரி. ஒரே வரிசையில் ஏழு வீடு, ஏழு வீட்டுக்கும் சேர்த்து இரண்டு கக்கூஸ் என்றிருந்த லைன் வீட்டில், கோமளாவின் சுவருக்கு அந்தப் பக்கம் குடிவந்தாள். வந்த அன்றைக்கே தண்ணீர்க் குழாயடியில், “ஏட்டி, ஒன் கொடத்த கொஞ்சம் நவத்து” என்றாளே பார்க்கலாம்! நாய்க்குட்டியைக்கூட மரியாதையாகக் கூப்பிடுகிற ஊரில் வளர்ந்த கோமளாவுக்குக் காதில் சூடு வைத்த மாதிரி இருந்தது. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ராசப்பனுக்குக் காய்ச்சல். கேட்காமலேயே கஞ்சி வைத்துக்கொண்டு வந்து, “ஏட்டி, இதக் குடு, நீ வேலைக்குப் போ, நான் பாத்துக்கிடுதேன்” என்றாள் ஆஷா. அந்த ‘ஏட்டி’ என்ன வகை ‘ஏட்டி’ என்று அன்றைக்குத்தான் கோமளாவுக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு ஆஷா அவளை அப்படிக் கூப்பிடாத நாளில் ஏதோ குறைகிற மாதிரி ஆகிவிட்டது.

குரூப் ஆரம்பித்தது ஒரு சுவரால். திருப்பூரில் ஆள் தேவைப்பட்டால் சுவரில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். ‘ஓவர்லாக், பேட்லாக் டெய்லர்கள், செக்கிங், கைமடி தேவை.’ அதன்மேல் இன்னொருவன் ஒட்டுவான், அதன்மேல் இன்னொருவன். ஒரு கம்பெனியில் ஆர்டர் முடிந்தால் மறுநாள் வேலை கிடையாது. சுவர் சுவராகப் பார்த்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான். அப்படி ஒரு வெயிலில் நடந்து கால் வீங்கிய நாளில், ஆஷா தன்னுடைய புது செல்போனில் அந்தச் சுவரை ஒரு படம் எடுத்தாள்.

“ஏட்டி கோமளா, செவரு நம்ம கைக்கு வந்தா நாம எதுக்குட்டி செவருகிட்டப் போகணும்?”

அன்றைக்கே குரூப் பிறந்தது. கோமளா வைத்த பெயர் ‘வேலை இருக்குங்களா’. முதலில் பதினொரு பேர். ஆறு மாதத்தில் இடம் நிரம்பிவிட்டது, இரண்டாவது குரூப், மூன்றாவது குரூப். இருவரும் அட்மின். கோமளா கம்பெனிகளை விசாரிப்பாள். ஆஷா வீடு தேடுகிறவர்களைக் கவனிப்பாள். தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும், கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் சொல்லுவாள்.

ஒரு வழக்கம் மட்டும் கோமளாவின் பிடிவாதம். புதிதாக யார் சேர்ந்தாலும் பெயரைச் சொல்லித் தன் குரலில் ‘வாங்க’ என்று பேசி அனுப்ப வேண்டும். வந்தவர்களை ‘வாங்க’ என்று கேட்காத வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள் அவள் ஊரில். அதனால், “வாங்க முனீஸு”, “வாங்க செல்லாத்தாக்கா”, “வாங்க அங்கமுத்தண்ணா” என்று பஸ்ஸில், டேபிளில், அடுப்பங்கரையில் என்று நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருப்பாள். பைத்தியமா என்று ராசப்பன்கூட ஒருநாள் கேட்டான். ஆனால் ஒரு சங்கதி உண்டு. தெரியாத ஊரில் வந்து இறங்கிய ஒருவனுக்கு அந்த ஊர்க் குரல் தன் பெயரைச் சொல்லி ‘வாங்க’ என்றால், அவன் பிறகு அந்த குரூப்பில் பொய் சொல்ல மாட்டான். இது புத்தகத்தில் இருக்கிறதா என்று தேவிப்பிரியாவைத்தான் கேட்க வேண்டும்.

கொரோனா வந்தது. கம்பெனிகள் மூடின. தெற்கத்தி ஆட்கள் ஊருக்குப் போகத் துடித்தார்கள். ஒரு வேன்காரர் இ-பாஸ் வாங்கிச் சாத்தான்குளம் வரை போகத் தயார் என்றார். யார் யார் போகிறார்கள் என்று பட்டியல் எடுக்கும் வேலை கோமளாவுக்கு. அந்த வாரத்தில் ஒருநாள் ஆஷா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, “ஊர்ல அம்மை தனியாக் கெடக்கா” என்று சொல்லி அழுதிருந்தாள். கோமளா அதைக் கேட்டாள். கேட்டவள், ஆஷா ஊருக்குப் போக ஏங்குகிறாள் என்று இவளாக நினைத்துக்கொண்டாள்.

இரவே குரூப்பில் போட்டாள். மேலே தலைப்பு: ‘ஒறம்பரைங்க லிஸ்ட்.’ ஒறம்பரை என்றால் கொங்கு நாட்டில் வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள், விருந்தாளிகள். அதைவிட மரியாதையான சொல் கோமளாவுக்குத் தெரியாது. முதல் வரியில் ஆஷா, அவள் புருஷன் தங்கதுரை, இரண்டு பிள்ளைகள் என்று எழுதினாள். ஆஷாவுக்குப் பஸ் ஏறினால் குமட்டும், முன் சீட்டு கிடைக்கட்டும் என்று முதல் வரியில் எழுதினாள்.

விடிந்ததும் ஆஷா அவள் வாசலில் வந்து நின்றாள். கையில் போன்.

“இது என்னட்டி?”

“உங்களுக்குத்தானுங்க மொதல்ல போட்டேன். முன்னாடி சீட்டு.”

“எந்த ஊருக்குட்டி என்னப் போகச் சொல்லுத? பத்தொம்பது வருசமாச்சு. எம்பிள்ளைய ரெண்டும் இந்த ஊரு ஆஸ்பத்திரியில பொறந்தது. நான் ஒனக்கு ஒறம்பரையா?”

“அது நல்ல வார்த்தைதானுங்க ஆஷா...”

“விருந்தும் மருந்தும் மூணு நாளு. நான் பத்தொம்பது வருசம் இருந்துட்டேன். தப்புதான்.”

அவ்வளவுதான் பேசினாள். அன்று மத்தியானம் குரூப்பில் ஒரு சின்னச் சாம்பல் வரி வந்தது: ஆஷா வெளியேறினார். வேனில் ஆஷா போகவில்லை. ஆனால் ஊரடங்கு தளர்ந்த மாதமே வீட்டைக் காலிசெய்துகொண்டு திருப்பூரிலேயே வீரபாண்டிப் பக்கம் போய்விட்டாள்.

கோமளா சும்மா இருக்கவில்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு மாதம் கழித்து ஆஷாவின் நம்பரை எடுத்து குரூப்பில் அவளாகவே சேர்த்தாள். ஐந்து நிமிடத்தில் ஆஷா வெளியேறினாள். கிறிஸ்துமஸ் அன்று மறுபடி சேர்த்தாள். மறுபடி வெளியேறினாள். ஆளைச் சேர்ப்பதும் கூப்பிடுவதும் ஒன்றென்று போன் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது. பிறகு ஒருநாள் ஆஷாவின் நம்பரில் படம் காணாமல் போனது. அதுவரை மல்லிகைப்பூ வைத்த படம், மகள் எப்சி பள்ளிச் சீருடையில் நிற்கும் படம், சர்ச் வாசல் படம் என்று மாறி மாறி வந்ததைத் தினம் காலையில் ஒருமுறை பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது சாம்பல் நிறத்தில் ஒரு வெறும் தலை. அதையும் தினம் காலையில் பார்த்தாள். குரூப் பதினொன்றானது, ஆறாயிரம் பேர் ஆனார்கள், பீகார் பையன்கள்கூட வந்து ‘வாங்க’ கற்றுக்கொண்டார்கள். இரண்டாவது அட்மின் வைத்துக்கொள் என்று எல்லோரும் சொன்னார்கள். பார்க்கலாமுங்க என்று சொல்லிச் சொல்லியே ஐந்து வருடத்தை ஓட்டிவிட்டாள். வீரபாண்டிக்கு ஒரே பஸ்தான். ஆனால் போய் நின்று, கதவைத் திறந்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால்? அந்தப் பயத்தில் பஸ் ஏறாமலே இருந்தாள். ஏங்குவதற்குக் கால் வலிக்காது, அதனால் அதைச் செய்துகொண்டிருந்தாள்.

எப்சிபா நம்பர் கொடுத்தாள் என்றதும் அவளுக்கு வந்த எண்ணம் ஒன்றே ஒன்று. பிள்ளை தானாகச் செய்வாளா? ஆஷாதான் சொல்லி அனுப்பியிருக்கிறாள். ஆஷா கூப்பிடுகிறாள்.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, கல்யாணத்துக்கு உடுத்தும் மெரூன் பட்டுச் சேலையை உடுத்திக்கொண்டு கல்லூரிக்குப் போனாள். இருபது வருடமாகப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்த கேட். வாசலில் ஒரு மாணவி சந்தனம் நீட்டினாள், இன்னொருத்தி ரோஜா கொடுத்தாள். வகுப்பில் பெஞ்சுகளை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். கை சும்மா இருக்காமல் கோமளாவும் ஒரு முனையைப் பிடிக்கப் போனாள். “ஐயோ மேடம், விடுங்க, நீங்க கெஸ்ட்” என்று நான்கு பேர் ஓடிவந்தார்கள். உட்கார வைத்தார்கள். பாட்டில் தண்ணீர் வைத்தார்கள். எத்தனை மணிக்குக் கிளம்பணும் மேடம் என்று அன்பாகக் கேட்டார்கள். எல்லாம் மரியாதைதான், ஒரு குறை சொல்ல முடியாது. ஆனாலும் நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்திருந்தாள். தன் ஊரில், தன் வீட்டிலிருந்து நான்கு கிலோமீட்டரில், அவளுக்குத் தொட உரிமையுள்ள பொருள் அந்த அறையில் ஒன்றும் இல்லை.

அப்புறம்தான் திரையைப் பார்த்தாள். பெரிய எழுத்தில் ‘சிறப்பு விருந்தினர்’. அதன் கீழே, முதல் வரியில், அவள் பெயர்.

தலைப்புக்குக் கீழே தன் பெயரைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது. ஆஷாவுக்கு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஐந்து வருடமாக யோசித்தும் எட்டாதது, அந்த நாற்காலியில் உட்கார்ந்த பத்தாவது நிமிடத்தில் எட்டிவிட்டது.

இரண்டாவது வரிசையில் எப்சி இருந்தாள். பார்த்ததும் தெரிந்தது, அப்படியே தாயின் நெற்றி.

கோமளா பேசினாள். முதலில் நாக்கு ஒட்டிக்கொண்டது, பிறகு குழாய் திறந்த மாதிரி வந்தது. ‘வாங்க’ சொல்லும் கதை, காலையில் ரோஜாப்பூவோடு குட் மார்னிங் போடுகிறவர்களோடு நடந்த போர், வாசல் கேட்டின் படம் இல்லாமல் எந்தக் கம்பெனியையும் குரூப்பில் போடாத சட்டம், வேலை கிடைத்தவர் திரும்பி வந்து ‘கிடைச்சிருச்சு’ என்று சொல்லியே ஆகவேண்டும் என்ற சட்டம். “கெடைச்சிருச்சுன்னு ஒருத்தர் சொன்னா, அன்னைக்குக் கெடைக்காத நூறு பேருக்குத் தெம்புங்க. அதுக்குத்தான்” என்றபோது தேவிப்பிரியா நோட்டில் எழுதிக்கொண்டாள்.

கண்ணாடி போட்ட ஒருவன் எழுந்தான். “மேடம், உங்க ரிட்டென்ஷன் எப்படி இருக்கு?”

“ரிட்டனுங்களா? எங்க செக்கிங்ல ரிட்டன் வர்ற பீஸு நெம்பக் கம்மிதானுங்க தம்பி.”

வகுப்பு சிரிப்பில் குலுங்கியது. தேவிப்பிரியா குறுக்கிட்டு, “அதில்லீங்க மேடம், குரூப்புல எத்தனை பேர் தங்கறாங்க, எத்தனை பேர் போறாங்கன்னு கேக்கறான்” என்றாள்.

கோமளா சிரிக்கவில்லை. தண்ணீர் பாட்டிலை எடுத்தாள், குடிக்காமல் வைத்தாள்.

“எத்தன பேரு இருக்கறாங்கன்னு போன் சொல்லீருமுங்க. போனவங்க வந்து... எனக்கு ஒருத்தரைத்தானுங்க தெரியும்.”

அப்புறம் சொன்னாள், பெயர் சொல்லாமல். லிஸ்ட், தலைப்பு, முதல் வரி. “நான் மரியாதைன்னு நெனச்சுத்தானுங்க எழுதினேன். ஒறம்பரைன்னா நாற்காலி போடுவோம், பலகாரம் வெப்போம், தலைமேல தூக்கி வெப்போம். ஆனா எப்பக் கெளம்பறீங்கன்னும் கேப்போமுங்களே. அது எனக்கு இன்னைக்கு, இந்தா இந்த நாற்காலியில உக்காந்தப்பறந்தான் தெரியுது. நீங்க படிச்ச புள்ளைங்க, நாளைக்குப் பெரிய பெரிய குரூப்பு நடத்துவீங்க. யாரையும் ஒறம்பரையா வெச்சிராதீங்க சாமி.”

எப்சி தலையைக் குனிந்துகொண்டாள். சால்வை போர்த்தினார்கள், கைதட்டினார்கள், படம் எடுத்தார்கள். எல்லாம் முடிந்து வராண்டாவில் எப்சியைப் பிடித்தாள் கோமளா.

“கண்ணு, என்னைத் தெரியுதா?”

“தெரியாமயாங்க அத்தை?” திருப்பூரில் பிறந்த பிள்ளை, அச்சு அசல் கொங்குத் தமிழில் பேசியது.

“அம்மா என்ன சொல்லி உட்டாங்க?”

எப்சி விழித்தாள். “அம்மாவுக்குத் தெரியாதுங்க அத்தை. நான்தானுங்க மிஸ்கிட்ட நம்பர் குடுத்தேன். அம்மா பழைய நோட்டுல உங்க நம்பர எழுதி வெச்சிருந்தாங்க.”

ஆஷா கூப்பிடவில்லை. ஆனால் நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். எதைப் பிடித்துக்கொள்வது, எதை விடுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, “இப்ப ஊட்டுல இருக்காங்களா?” என்று கேட்டாள். சால்வையைப் பைக்குள் திணித்துக்கொண்டு பிள்ளையோடு வீரபாண்டி பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

கதவைத் திறந்தது ஆஷாதான். இளைத்திருந்தாள். காது ஓரத்தில் நரை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அதைவிட மோசமாக ஒன்று செய்தாள்.

“வாங்க” என்றாள். “உக்காருங்க. டீ குடிக்கீங்களா?”

உட்கார்ந்தாள் கோமளா. ராசப்பண்ணன் நல்லா இருக்காங்களா என்று கேட்டாள் ஆஷா, நல்லா இருக்காருங்க என்றாள் கோமளா. தங்கதுரைக்கு அயர்ன் டேபிளில் நின்று நின்று முதுகெலும்பு தேய்ந்துவிட்டது என்றாள் ஆஷா, ஐயோ என்றாள் கோமளா. அறையைச் சுற்றி அட்டைப் பெட்டிகள். சுவரில் இருந்த படங்களெல்லாம் கழற்றப்பட்டு வெறும் ஆணிகள் நின்றன. கோமளா பார்ப்பதை ஆஷா பார்த்தாள்.

“ஊர்ல இவுக அண்ணன் எடத்துல சின்னதா வீடு கெட்டியிருக்கு. எப்சி பரீட்ச முடிஞ்சதும் போறோம். பத்து நாளு இருக்கு.”

கோமளா தான் சொல்ல வந்ததைச் சொன்னாள். வகுப்பில் சொன்ன மாதிரி ஒழுங்காக வரவில்லை. துண்டு துண்டாக வந்தது. அந்த வார்த்தை தப்பு, அந்தத் தலைப்பு தப்பு, இன்னைக்குத்தான் தெரிஞ்சுது, மன்னிச்சுக்குங்க. ஆஷா டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாள். ஆற்றி முடித்தும் நீட்டவில்லை.

“வார்த்தையில என்னட்டி இருக்கு?” என்றாள். “அத நான் அந்த வாரமே மறந்துட்டேன். வேன் பேசுன, லிஸ்ட்டு போட்ட, மொத சீட்டும் புடிச்சுக் குடுத்த. எல்லாஞ் செஞ்சியே, ஒருக்கா ‘போகாதட்டி’ன்னு சொன்னியா? நீ சொல்லுவன்னு எத்தன நாளு பாத்துட்டு இருந்தேன் தெரியுமா?”

கோமளா வாயைத் திறந்தாள். ஆறாயிரம் பேருக்கு ‘வாங்க’ சொன்ன வாய். வருகிறவர்களை வரவேற்கத் தெரிந்த அளவுக்கு, இருக்கிறவளை இரு என்று சொல்ல அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

“போவாத ஆஷா.”

“பாஸ்டரு வந்து ஜெபம் பண்ணி வீடு பிரதிஷ்டை ஆயிட்டுட்டி. லாரிக்குச் சொல்லியாச்சு.”

“ஆவட்டும். போவாத.”

ஆஷா டம்ளரைப் பெட்டியின் மேல் வைத்தாள். “இதச் சொல்ல ஒனக்கு அஞ்சு வருசமாட்டி ஆச்சு?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு, அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து அழுதாள். கோமளா இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, போவாத, போவாத என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.